நெஞ்சின் ஓசையைக் கேட்ட வைத்தியர்

உங்கள் பிள்ளையின் மார்பில் வைத்தியர் குழாயை வைத்துக் கேட்கும்போது, அதனை நமக்குத் தந்தவர் யாரென எண்ணியதுண்டா? அவர்தாம் பிரான்சு தேசத்து வைத்தியர் றெனே லெனெக்.

1781ஆம் ஆண்டு கெம்பேர் நகரிற் பிறந்த இவர், ஐந்து வயதிலேயே தாயை இழந்தார். வைத்தியரான தந்தையின் சகோதரரே இவரை வளர்த்தார். இறைபக்தியும் ஏழைகள்மீது இரக்கமும் உள்ளவராய் வாழ்ந்தார்.

1816இல் பாரிசு நகரின் நெக்கேர் வைத்தியசாலையில் இருதய நோயுற்ற இளம்பெண்ணொருத்தியைப் பார்வையிட்டார். அவள் உடல் பருத்திருந்தமையால் மார்பைத் தட்டிப் பார்த்தும் பயனில்லை. காதை மார்பில் வைப்பதோ முறையன்று. மரத்தின் ஒரு முனையிற் சுரண்டினால் மறுமுனையிற் கேட்குமே என்பது நினைவுக்கு வந்தது. கடதாசியைச் சுருட்டி வைத்துக் கேட்டார். இருதயத் துடிப்பு தெளிவாய்க் கேட்டது!

பின்னர் மரத்தினாற் குழாய் கடைந்தார். நோயாளரின் நெஞ்சிற் கேட்டவற்றை, இறந்தபின் உடலிற் கண்டவற்றுடன் ஒப்பிட்டு 1819இல் நூலாக்கினார். இருதயத்தின் இரண்டாம் ஓசைக்கு அவர் கூறிய காரணம் பிழையெனப் பின்னர் தெரிந்தது. ஆயினும் வழி திறந்தவர் அவரே.

1826இல் அவரே நோயுற்றார். உறவினர் மெரியாதெக் அக்குழாயை அவர் நெஞ்சில் வைத்துக் கேட்டார், சயரோகம் வெளிப்பட்டது. ஓகத்து 13ஆம் நாள், 45ஆம் வயதில் இறந்தார்.

இருதயத்துக்கு இரத்தம் ஊட்டும் முடியுரு நாடிகள் ஒடுங்கினால், இரத்தம் சுழன்றோடி மெல்லிய ஓசை எழுப்பும். காதுக்கு எட்டாத அவ்வோசையை, உடலைக் கீறாமலே நுண்ணிய ஒலிவாங்கியாலும் கணினியாலும் இன்று தேடுகின்றனர். ஆயினும் அது மட்டும் போதாது. பிற சோதனைகளும் வேண்டும். ஆகவே நெஞ்சு நோவெடுத்தால் தாமதியாதீர்கள். உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.