அவ்வளவு நேர்த்தியா ஆபரேஷன் செய்தும் சிக்கல் ஏன்? தைராய்டு சர்ஜன் கோக்கர் கதை

தைராய்டு அதிகமா சுரக்குது, கூடவே கழுத்தில் ஒரு கட்டி. ஊசி போட்டு டெஸ்ட் எடுத்தால் புற்றுநோய். இரண்டும் ஒருவருக்கே வருவது அரிது, ஆனால் வரும். அப்போது சுரப்பியை முழுசா எடுத்துவிட்டு, தினமும் ஒரு மாத்திரை கொடுப்பது இன்று வழக்கம். அந்த மாத்திரை இல்லாத காலத்தில் முழுசா எடுத்தால் என்ன ஆகும்? நேரில் பார்த்து அதிர்ந்தவர் தியோடர் கோக்கர்.

1841-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் பிறந்தவர். 1872-ல் அங்கேயே அறுவை சிகிச்சைப் பேராசிரியர். ஆல்ப்ஸ் மலை ஊர்களில் அயோடின் பற்றாக்குறையால் கழுத்துக் கழலை ரொம்ப சாதாரணம். கத்தி வைத்தால் ரத்தம் கொட்டும், சீழ் பிடிக்கும், பலர் பிழைக்க மாட்டார்கள். கோக்கர் அவசரப்படவே மாட்டார். கிருமிநாசினி முறையைக் கடைப்பிடித்து, ஒவ்வொரு ரத்தக்குழாயையும் பிடித்துக் கட்டி, சுரப்பியைத் துளி மிச்சமில்லாமல் எடுப்பார். அவர் பெயரில் உள்ள கிளாம்ப் இன்னிக்கும் ஆபரேஷன் தியேட்டர்களில் புழங்குது.

வினையே அந்த நேர்த்திதான்.

1874-ல் ஒரு 11 வயதுச் சிறுமிக்கு ஆபரேஷன். வெற்றி என்றுதான் நினைத்தார். வருடங்கள் கழித்துப் பார்த்தால், தங்கை வளர்ந்து நிற்கிறாள். இவளோ குள்ளமாக, முகம் வீங்கி, மந்தமாக இருக்கிறாள். ஜெனீவாவின் ரெவர்தன் என்ற சர்ஜனும் தன் நோயாளிகளிடம் இதையே கவனித்திருந்தார். கோக்கர் பழைய நோயாளிகளைத் திரும்ப வரவழைத்தார். முழுசா எடுக்கப்பட்டு, பரிசோதனைக்கு வந்த 18 பேரில் 16 பேருக்கு அதே பாதிப்பு.

மறைத்திருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் 1883-ல் சர்ஜன்கள் மாநாட்டில் எழுந்து எல்லாவற்றையும் சொன்னார். காரணம் மூச்சுக்குழாய் பாதிப்பு என்று அவர் அப்போது ஊகித்தது தப்பு. ஆனால் எடுத்த முடிவு சரி. புற்றுநோய் இல்லாத கழலைக்கு இனி சுரப்பியில் ஒரு பகுதியை விட்டுவைப்பது. அதிகமா சுரக்கும் தைராய்டுக்கும் ஒரு பகுதியை மட்டும் எடுப்பார், இல்லாவிட்டால் ரத்தக்குழாய்களைக் கட்டிவிடுவார்.

1891-ல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மரே ஆட்டுத் தைராய்டுச் சாறை ஊசியில் ஏற்றி, சுரப்பு குறைந்த ஒரு பெண்ணைத் தேற்றினார். இன்றைய மாத்திரைக்கு முன்னோடி அதுதான். அந்தச் சிறுமிக்கு அது ரொம்ப லேட்.

1909-ல் கோக்கருக்கு நோபல் பரிசு. அதைப் பெற்ற முதல் சர்ஜன். 5,000-க்கும் மேற்பட்ட கழலை ஆபரேஷன்கள் செய்துவிட்டு, 1917-ல் இறந்தார். உப்பில் அயோடின் சேர்க்கும் வேலையை சுவிட்சர்லாந்து தொடங்கியது அதற்கு 5 வருடம் கழித்து.