மைக்கேல் வெஸ்ட்: இடையில் நின்ற மாணவனைக் கணக்கிலெடுத்த ஆராய்ச்சியாளர்

ஐந்தாம் வகுப்போடும் எட்டாம் வகுப்போடும் பள்ளியை விட்டு நின்றவர்கள் நம் சமுதாயத்தில் எத்தனை பேர் என்பதை இம்மலரைக் கையில் ஏந்தியிருக்கும் அன்பர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. வயல் வேலைக்கும் செங்கற்சூளைக்கும் சென்றுவிட்ட அச்சிறுவர்கள் கற்ற ஆங்கிலத்தில் அவர்களிடம் எஞ்சியது யாது? எழுத்துகளின் பெயர்கள், ஒரு கையொப்பம், பொருள் அறியாது உருப்போட்ட சில வரிகள். இது மாணவனின் குறையா, பாடம் அமைத்தவரின் குறையா என்னும் வினாவை ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்னரே எழுப்பி, எண்ணியும் அளந்தும் அதற்கு விடை தேடிய ஆசிரியர் ஒருவர் உண்டு. ஆங்கிலம் கற்பிக்கும் உலகில் புகழ் பெற்ற மைக்கேல் வெஸ்ட் என்பவரே அவர்.

1888ஆம் ஆண்டில் பிறந்த வெஸ்ட், ஆக்ஸ்போர்டில் பயின்று, இந்தியக் கல்விப் பணியில் சேர்ந்து வங்காளத்திற்கு வந்தார். பின்னர் டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வரானார். வெள்ளையர் ஆட்சியின் அதிகாரிதாம். ஆயினும் அலுவலக மேசையோடு நின்றுவிடாமல் வகுப்பறைக்குள் புகுந்து ஆராய்ந்தவர். 1926இல் இரு பெரும் நூல்களை வெளியிட்டார். ஒன்று வங்காளத்தை முன்வைத்து இருமொழியம் பற்றியது. மற்றொன்று அயல்மொழியை வாசிக்கக் கற்பது பற்றியது.

அக்காலத்தில் மொழி கற்பிக்கும் முறை பற்றிப் பேசியவர்களுள் பெரும்பாலோர் தத்தம் அனுபவத்தையே சான்றாகக் காட்டினர். பேச்சே முதல் என்றார் ஒருவர். இலக்கணமே முதல் என்றார் மற்றொருவர். வெஸ்ட் வேறு வழியில் சென்றார். எம்முறை சிறந்தது என்று கேட்பதற்கு முன்னர், வங்காளச் சிறுவனுக்கு ஆங்கிலம் எதற்குத் தேவை என்று கேட்டார். பள்ளிப் புள்ளிவிவரங்களைப் புரட்டினார். சேர்ந்தவர்களுள் மிகப் பலர் படிப்பை முடிக்காமலே வெளியேறுவதை அவை காட்டின. பாடத்திட்டமோ, எல்லாரும் இறுதிவரை இருப்பர் என்று எண்ணி வகுக்கப்பட்டிருந்தது. தொடக்க ஆண்டுகளில் கற்பதன் பயன் கடைசி ஆண்டுகளில்தான் கைக்கு வரும். இடையில் நின்றவனுக்கு ஒன்றுமில்லை.

இதை விளக்க அவர் ஆயுள் காப்பீட்டிலிருந்து ஒரு சொல்லைக் கடன் வாங்கினார். பாலிசியை முதிர்வு வரை கட்ட இயலாதவர் இடையில் ஒப்படைத்தால் கிடைக்கும் தொகையைச் சரண்டர் மதிப்பு என்கிறோம். (பாலிசி எடுக்கும் நாளில் முகவர்கள் அவ்வளவாக விளக்காத பகுதி அது!) ஒவ்வொரு பாடத்திற்கும் அத்தகைய மதிப்பு உண்டு, மாணவன் எந்த ஆண்டில் நின்றாலும் அதுவரை கற்றது அவனுக்குப் பயன்பட வேண்டும் என்பது வெஸ்ட்டின் துணிபு. மொழிக் கல்வி ஆராய்ச்சியில் இதைவிட ஏழைக்கு நெருக்கமான ஒரு கருத்தை நாம் கண்டதில்லை.

ஆங்கிலத்தைப் பேசவும் எழுதவும் வாசிக்கவும் கற்பதில், வாசிப்புக்கே அம்மதிப்பு மிகுதி என்று அவர் முடிவு செய்தார். சரளமாகப் பேசும் ஆசிரியர் இல்லாத ஊரிலும் நூல் இருந்தால் வாசிப்பு வளரும். பள்ளியை விட்ட பின்னும் தொடரும். இம்முடிவை அவர் சோதனையின்றி விடவில்லை. வங்காளியிலும் ஆங்கிலத்திலும் வாசிப்புத் தேர்வுகளை அமைத்து, மாணவர் எவ்வளவு விரைவாக வாசிக்கின்றனர், வாசித்ததை எவ்வளவு புரிந்துகொள்கின்றனர் என்பதை அளந்தார். வாய்விட்டு முழங்குவது வாசிப்பு ஆகாது. பொருள் உணர்ந்தானா என்பதே அளவுகோல். ஒருவன் முழங்க மற்றவர் பராக்குப் பார்க்கும் வகுப்பை அறிந்த ஆசிரியர்கள் இதன் அருமையை உணர்வர்.

அடுத்துப் பாடநூல்களைக் கையிலெடுத்து அவற்றிலுள்ள சொற்களை எண்ணத் தொடங்கினார். புதிய சொற்கள் நெருக்கி நெருக்கி அடுக்கப்பட்டிருந்தன. ஒருமுறை வந்த சொல் மீண்டும் வரவில்லை. வழக்கொழிந்த செய்யுட் சொற்கள் அன்றாடச் சொற்களுக்கு முன்னரே இடம் பிடித்திருந்தன. வரிதோறும் இடறும் சிறுவன் கதையை எங்ஙனம் சுவைப்பான்? அமெரிக்க அறிஞர் தார்ண்டைக் 1921இல் வெளியிட்ட 10,000 சொற்களின் பட்டியல் வெஸ்ட்டுக்குத் துணையாயிற்று. மிகுதியாக வழங்கும் சொற்களை முதலில் வைத்து, புதுச் சொற்களை இடைவெளி விட்டுத் தூவி, வந்ததையே மீண்டும் மீண்டும் வரச் செய்து, புதுமுறை வாசகங்களை எழுதினார். லாங்மன்ஸ் நிறுவனத்தார் வெளியிட்ட அவ்வரிசை பல நாடுகளுக்கும் பரவியது.

1932இல் அவர் இந்தியாவை விட்டுச் சென்றார். எண்ணும் பணி நிற்கவில்லை. 1935இல் எண்டிகாட் என்பவருடன் இணைந்து அயல்மொழியாளர்க்கென ஓர் அகராதி வெளியிட்டார். அதில் ஏறத்தாழ 24,000 சொற்களுக்கும் தொடர்களுக்கும் 1,490 சொற்களை மட்டுமே கொண்டு விளக்கம் தரப்பட்டது. ஒரு சொல்லின் பொருளைத் தேடிச் சென்றவன் விளக்கத்தில் அதனினும் கடிய மூன்று சொற்களைக் கண்டு திகைக்கும் துன்பம் இதனால் நீங்கிற்று.

1953இல் வெளிவந்த பொதுப் பயன்பாட்டுச் சொற்பட்டியல் அவர் பெயரை நிலைநிறுத்தியது. சுமார் 50 லட்சம் சொற்கள் அடங்கிய எழுத்துத் தொகுதியை எண்ணிய கணக்கின் அடிப்படையில், சுமார் 2,000 தலைச்சொற்கள் அதில் தரப்பட்டன. ஒரு சொல்லுக்குப் பல பொருள் உண்டாயின், எப்பொருளில் அது நூற்றுக்கு எத்தனை முறை வருகிறது என்பதும் காட்டப்பட்டது. எனினும் எண்ணிக்கையை மட்டும் நம்பியவர் அல்லர் வெஸ்ட். கற்பதற்கு எளிதா, அதன் இடத்தை வேறு சொல் நிரப்புமா, வாழ்க்கைக்கு இன்றியமையாததா என்றும் பார்த்தார். கணக்கும் ஆசிரியரின் மதியும் கூடிய முறை அது. எண்களைக் கண்டதும் மயங்கும் இன்றைய ஆய்வாளர் சிலர் இதனைக் கருதிப் பார்க்கலாம்.

குறை இல்லாமல் இல்லை. வாசிப்புக்கு முதலிடம் தந்ததால் பேச்சு பின்தங்கும் என்று அக்காலத்திலேயே எதிர்ப்பு எழுந்தது. நமக்குத் தோன்றும் குறை வேறு. பள்ளிக்குள் வந்து இடையில் நின்றவனை வெஸ்ட் கண்டார். பள்ளியின் வாயிலையே மிதிக்க விடப்படாதவன் எந்தப் பள்ளிப் புள்ளிவிவரத்திலும் வருவதில்லை. அதே கிழக்கு வங்காளத்தில், பரீத்பூர் மாவட்டத்து ஓராக்காந்தி ஊரில், தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்ட நாமசூத்திர மக்களுக்காகக் குருசாந்த் தாக்கூர் பள்ளிகளை எழுப்பிக்கொண்டிருந்தார். ஆஸ்திரேலியப் பாதிரியார் மீட் என்பவரின் துணையோடு அங்கே உயர்நிலை ஆங்கிலப் பள்ளியும் உருவாயிற்று. இடையில் நின்றவனுக்கு என்ன மிஞ்சும் என்று கேட்டது டாக்கா. எங்களை உள்ளே விடுவது எப்போது என்று கேட்டது ஓராக்காந்தி. இரண்டு கேள்விகளும் நம்முடையவையே.

1960இல், தமது எழுபத்திரண்டாம் வயதில், இடர்மிகு சூழலில் ஆங்கிலம் கற்பித்தல் பற்றி ஒரு நூல் எழுதினார் வெஸ்ட். நாற்பது, ஐம்பது பேர் நெருங்கி அமர்ந்த பெஞ்சுகள், வெப்பம், தாமே ஆங்கிலத்தில் தடுமாறும் ஆசிரியர், வெவ்வேறு தரத்து மாணவர் என்னும் சூழலை விதிவிலக்காகக் கொள்ளாமல், அதையே பொருளாகக் கொண்டு எழுதப்பட்ட நூல் அது. வசதி மிக்க சிறு வகுப்பில் வெற்றி பெற்ற முறையை அப்படியே நம் பள்ளிகள் மீது சுமத்துவோர் இன்றும் உளர். அவர்கள் இந்நூலைப் படித்திருக்க மாட்டார்கள் என்றே எண்ண வேண்டியிருக்கிறது.

1973இல் வெஸ்ட் மறைந்தார். அவரது சொற்பட்டியலுக்கு மாற்றாக 2013இல், சரியாக 60 ஆண்டுகள் கழித்து, 27 கோடிக்கும் மேற்பட்ட சொற்களைக் கணினியால் எண்ணிப் புதிய பட்டியல் ஒன்று வெளியிடப்பட்டது. அதைத் தொகுத்தவர்கள் வெஸ்ட்டின் பட்டியலுக்கு இட்டிருந்த பெயரையே, முன்னால் புதிய என்னும் ஒரு சொல்லை மட்டும் சேர்த்து, தம் பட்டியலுக்கும் சூட்டினர்.