சவுக்கடி பட்டவர் அமைத்த மருத்துவமனை



மார்ச்சு 8ஆம் நாள் பெரும்பாலும் தவக்காலத்தில் வந்துவிடுவதால், அன்றைய புனிதரை நாம் அதிகம் நினைப்பதில்லை. கொடியேற்றம் இல்லை, தேர் இல்லை. ஆனால் 13ஆம் சிங்கராயர் 1886ஆம் ஆண்டில் மருத்துவமனைகளுக்கும் நோயாளிகளுக்கும் பாதுகாவலராக அறிவித்தவர் அந்தப் புனித இறை யோவான்தான். மனநோயாளருக்கும் ஊனமுற்றோருக்கும் உழைக்கும் தொண்டு அமைப்புகள் பல இன்று உள்ளன. அவற்றுள் மிகப் பழமையான ஒன்று இவரிடமிருந்து பிறந்தது. அதுவும் எப்படி? இவரே பைத்தியக்காரர் என்று கட்டிப் போடப்பட்டதிலிருந்து பிறந்தது.

1495இல் போர்த்துக்கல் நாட்டில் மொந்தேமோர் என்னும் ஊரில் பிறந்தவர். 8 வயதிலேயே வீட்டை விட்டுப் போனார். ஸ்பெயினில் ஆடு மேய்த்தார், பிறகு படையில் சேர்ந்தார். அவர் காவலில் இருந்த கொள்ளைப் பொருள் களவுபோனதால் தூக்குத் தண்டனை பெற்று, கடைசி வேளையில் உயிர் தப்பினார். பல ஆண்டுகளுக்குப் பின் ஊர் திரும்பியபோது தாயும் இல்லை, தந்தையும் இல்லை. ஆப்பிரிக்கக் கரையில் செயுத்தா நகரில் கோட்டைச் சுவர் கட்டும் கூலி வேலை செய்து, நாடு கடத்தப்பட்ட ஒரு பிரபுவின் குடும்பத்துக்குக் கஞ்சி வார்த்தார். பிறகு புத்தகங்களையும் புனிதர் படங்களையும் முதுகில் சுமந்து விற்று, முடிவில் கிரனாதா நகரின் எல்விரா வாசலருகே சிறு கடை வைத்தார். வயது 40ஐத் தாண்டியும் மனம் நிலைகொள்ளவில்லை.

புனித செபஸ்தியார் திருநாளன்று அவிலா யோவான் என்ற குரு ஆற்றிய மறையுரை அவர் நெஞ்சைப் பிளந்தது. வாய்விட்டு அழுதார். கடைக்கு ஓடிச் சில நூல்களைக் கிழித்தார். இருந்ததையெல்லாம் வாரிக் கொடுத்தார். தலைமயிரைப் பிய்த்துக்கொண்டு தெருவில் புரண்டார். சிறுவர்கள் கல்லெறிந்தார்கள். ஊரார் அவரை அரச மருத்துவமனையில் சேர்த்தார்கள். கட்டி வைத்துச் சவுக்கால் அடிப்பதே அந்நாளில் பைத்தியத்துக்கு மருந்து. தாழ்ச்சிக்காக அவர் பைத்தியம்போல் நடித்தார் என்று சிலர் எழுதுவார்கள். நாம் அந்த ஆராய்ச்சியில் இறங்கவில்லை. நடிப்போ நோயோ, விழுந்த அடி மெய்யான அடி. அருகில் கட்டுண்டு கிடந்தவர்கள் அலறியதும் மெய். தமக்கென ஒரு மருத்துவமனை வாய்த்தால் இவர்களை வேறு விதமாக நடத்த வேண்டும் என்ற ஆசை அங்கேதான் அவருக்குள் விழுந்தது.

வெளியே வந்து விறகு சுமந்து விற்றார். சிறிய வாடகை வீடு ஒன்றில் பாயும் போர்வையும் விரித்து, தெருவில் கிடந்தவர்களைத் தோளில் தூக்கி வந்தார். இரவானதும் முதுகில் கூடையும், கழுத்தில் கயிற்றில் கட்டிய பானைகளுமாகப் பிச்சைக்குப் புறப்படுவார். கொடுப்பவர்கள் தங்களுக்கே நன்மை செய்துகொள்கிறார்கள் என்று உரக்கச் சொல்லிக்கொண்டே போவார். இத்தாலிய மக்கள் அவருடைய சபையாரை இன்றும் அந்தக் கூவலைக்கொண்டே பெயரிட்டு அழைக்கிறார்கள். ஒரு காலத்தில் 110 பேருக்கு மேல் அவர் இல்லத்தில் இருந்ததை அவருடைய கடிதமே காட்டுகிறது. முடவர், குருடர், தொழுநோயாளர், ஊமையர், சித்தம் கலங்கியோர், வழிப்போக்கர் என எல்லாரும் அங்கே இருந்தார்கள். எஞ்சியுள்ள 6 கடிதங்களில் கடன் கவலையும் நிறைய வருகிறது. கணக்குப் பார்த்துத் தருமம் செய்யத் தெரியாதவர். பங்கு நிதியை வைத்திருக்கும் நமக்கு அதைப் படித்தால் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

முதல் துணைவர்கள் வந்த கதையையும் சொல்ல வேண்டும். அந்தோன் மார்த்தின் என்பவருடைய தம்பியைக் கொன்றதாகப் பேத்ரோ வெலாஸ்கோ மேல் வழக்கு. பழிவாங்கும் பிடிவாதத்தோடு கிரனாதாவில் இருந்த அந்தோனை யோவான் நடுத்தெருவில் பாடுபட்ட சுரூபத்தோடு எதிர்கொண்டார். அந்தோன் மன்னித்தார். பின்பு இருவரும் ஒரே இல்லத்தில் நோயாளிகளின் புண் கழுவினார்கள்.

1549இல் அந்த அரச மருத்துவமனையில் தீப்பிடித்தது. தம்மை அடித்த அந்த வீட்டுக்குள் யோவான் ஓடினார். நோயாளிகளை ஒவ்வொருவராக வெளியே கொண்டுவந்தார், பிறகு கட்டில்களையும் மெத்தைகளையும் சன்னல் வழியே எறிந்தார். இதைப் படிக்கும்போது நமக்கு 2001ஆம் ஆண்டு நினைவுக்கு வருகிறது. அவ்வாண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டுண்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீயில் மாண்டார்கள். அவிழ்த்துவிட ஆளில்லை. வீடு மந்திரிக்கப் போகும் நாம், சில வீடுகளில் பின்கட்டு அறை ஒன்று பூட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறோம். உள்ளே யார் என்று கேட்டால் பேச்சு மாறிவிடும். நாமும் பல வேளைகளில் மறுமுறை கேட்கவில்லை.

வெள்ளத்தில் போன ஓர் இளைஞனைக் காப்பாற்ற ஹெனில் ஆற்றில் குதித்த யோவான் காய்ச்சலில் விழுந்தார். கடன் ஏட்டைப் பேராயரிடம் ஒப்படைத்தார், பேராயர் பொறுப்பேற்றார். 1550 மார்ச்சு 8ஆம் நாள், தம் பிறந்த தேதியிலேயே, முழந்தாளில் இருந்தபடியே இறந்தார். 1690இல் புனிதர் பட்டம் பெற்றார்.

அவருடைய தோழர் கூட்டத்தை 5ஆம் பத்திநாதர் 1572இல் அங்கீகரித்தார். 19ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் அழிந்துபோயிருந்த சபையை மீண்டும் எழுப்பிய புனித பெனடிக்ட் மென்னி, மனநோயுற்ற பெண்களுக்காக 1881இல் கன்னியர் சபை ஒன்றையும் நிறுவினார். இன்று 50க்கு மேற்பட்ட நாடுகளில் இறை யோவான் சபையார் இருக்கிறார்கள். மனநோய் மருத்துவம் அவர்களுடைய வேலையில் ஒரு பாதிதான். குணமானவர் திரும்பி வந்து என்ன செய்வார், யார் கூலி கொடுப்பார் என்பது மறுபாதி. அதற்காகத் தொழிற்கூடம், தோட்டம், பயிற்சிப் பள்ளி என்று பல நாடுகளில் நடத்துகிறார்கள். நமக்கு அருகில், கேரளத்து மலைநாட்டில் கட்டப்பனையில், அவர்களுடைய மருத்துவமனையும் மனவளர்ச்சி குன்றியோர் இல்லமும் உள்ளன. வண்டியேறினால் போய்ப் பார்த்து வரலாம்.