சேர் பொன்னம்பலம் அருணாசலமும் இராப் பாடசாலைகளும்

சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்களின் பெயரைக் கேட்டவுடன், இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதல் தலைவர் என்பதே நம்மவர் நினைவுக்கு வருவது. அது பொருத்தமே. எனினும் அரசியல் மேடையில் அவர் எழுப்பிய கட்டடம் அவர் கண்முன்னரே பிளவுற்றது. பிளவுறாது நின்றது மற்றொரு தொண்டு. பள்ளிப் பருவங் கடந்த உழைப்பாளிக்கும் கல்வியின் வாயில் திறந்திருத்தல் வேண்டுமென அவர் ஆற்றிய தொண்டு அது. கற்கவேண்டிய வயதிற் கற்க இயலாது போனோர் மிகுந்த நம் வன்னி மண்ணில், அப்பெருமகனாரின் வாழ்க்கையை அந்நோக்கில் எடுத்துரைத்தல் தகும்.

1853ஆம் ஆண்டு செப்டெம்பர் 14ஆம் நாள் கொழும்பிலே, பொன்னம்பல முதலியாரின் மூன்றாம் புதல்வராக அவர் தோன்றினார். குமாரசுவாமியும் இராமநாதனும் தமையன்மார். சேர் முத்துக் குமாரசுவாமி தாய்மாமன். செல்வமும் செல்வாக்கும் ஒருங்கே அமைந்த குடி. பின்னாளில் றோயல் கல்லூரி எனப் பெயர்பெற்ற கொழும்பு அக்கடமியிற் கற்று, 1870இல் ஆங்கிலப் பல்கலைக்கழகப் புலமைப்பரிசிலை வென்று, கேம்பிறிட்ஜ் நகரிலுள்ள கிறைஸ்ற்ஸ் கல்லூரியிற் சேர்ந்தார். அக்காலத்தில் இலங்கை இளைஞன் ஒருவன் பல்கலைக்கழகத்தை நேரிற் காண்பதற்கே கடல் கடந்து செல்லவேண்டும்; அதற்குப் பரிசில் வேண்டும், அன்றேல் தந்தையின் பெட்டகம் நிறைந்திருத்தல் வேண்டும்.

கேம்பிறிட்ஜில் அவருக்கு வாய்த்த நண்பர்களுள் எட்வேட் காப்பென்டர் என்பார் ஒருவர். 1873இல் அப்பல்கலைக்கழகம் தன் அறிஞரை வெளியூர்களுக்கு அனுப்பிப் பொதுமக்களுக்கு விரிவுரை ஆற்றுவிக்குந் திட்டமொன்றைத் தொடங்கிற்று. காப்பென்டர் தம் சமயகுருப் பதவியைத் துறந்து, அடுத்த ஆண்டே அத்திட்டத்தின் விரிவுரையாளராகி, வட இங்கிலாந்தின் தொழில் நகரங்களை நோக்கிப் புறப்பட்டார். பல்கலைக்கழகத்துக்கு வர இயலாதாரிடம் பல்கலைக்கழகம் நடந்து செல்லுதல் அன்று புதுமை. நண்பர் இருவரின் கடிதத் தொடர்பு வாழ்நாள் முழுதும் நீடித்தது; 1890இல் காப்பென்டர் இலங்கைக்கும் வந்து சென்றார். அருணாசலம் அவர்களின் பிற்காலத் தொண்டுக்கு விதை இந்நட்பில் விழுந்தது என்று கருதுவது மிகையாகாது என்பது எம் எண்ணம்.

பாரிஸ்டர் பட்டத்துடன் 1875இல் நாடு திரும்பிய அவர், போட்டிப் பரீட்சை வாயிலாக இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்த முதல் இலங்கையரானார். பல ஊர்களில் நீதிபதியாக விளங்கியபின், 1887இல் தேசாதிபதி சேர் ஆதர் கோடன் அவரைப் பதிவாளர் நாயகமாகப் பதில் கடமையாற்ற நியமித்தார். மூத்த ஆங்கில உத்தியோகத்தர் பலர் இருக்க இவருக்கோ என்று எழுந்த முணுமுணுப்பு, அவர் அத்திணைக்களத்தைச் சீர்செய்த திறத்தைக் கண்டு அடங்கிற்று. காணி உறுதியும் பிறப்பும் இறப்பும் பதியப்படும் இடம் அது. எழுத்தறியாதான் தனக்குரியதை எவ்வாறு இழக்கிறான் என்பதை அதனினுந் தெளிவாகக் காட்டும் இடம் வேறில்லை.

1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பை நடத்தியவரும் அவரே. அன்று முல்லைத்தீவு மாவட்டத்தில் அடங்கியிருந்த வன்னியின் குளக்கட்டுக் கிராமங்களும், காடும் காய்ச்சலும் சூழ்ந்த நிலையில், அக்கணக்கில் இடம்பெற்றன. முப்பத்தைந்து இலட்சத்துக்கு மேற்பட்ட இலங்கை மக்களுள் ஏறக்குறைய நால்வரில் ஒருவரே எழுதவும் வாசிக்கவும் அறிந்தோர். பெண்களிலோ பத்தில் ஒருவர்கூட இல்லை. இவ்வுண்மையை வேறெவரினும் நன்கறிந்தவர் ஓய்வுபெற்றபின் வாளா இருத்தல் எங்ஙனம்?

1913இல் சேர் பட்டத்துடன் ஓய்வுபெற்ற அவர், 1915 சனவரியில் இலங்கைச் சமூக சேவைச் சங்கத்தை நிறுவினார். கொழும்பின் சேரிகளில் அச்சங்கம் இராப் பாடசாலைகளை நடத்திற்று. இலவச மருத்துவ உதவியும் அளித்தது. துறைமுகத்திலும் ஆலையிலும் பகல் முழுதும் உடல் தேய்ந்தவனைப் பகற்பள்ளிக்கு வா என்று அழைப்பதிற் பயனில்லை. பள்ளிதான் அவனுடைய பொழுதுக்கு இணங்கவேண்டும். எளிய கருத்தே, ஆயினும் அன்று அரசினர்க்கு அது தோன்றவில்லை.

1919இல் திரு. பெரி. சுந்தரம் அவர்களின் துணையுடன் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தைத் தொடங்கி, மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளர்பால் தம் கவனத்தைத் திருப்பினார். துண்டு எனப்பட்ட ஒரு தாளை ஈண்டு நினைவுகூர்தல் வேண்டும். இன்ன தொகைக் கடனைத் தீர்ப்பவரிடம் இத்தொழிலாளரை விடுவிப்போம் எனத் தோட்டத்துரை எழுதிக் கொடுப்பதே துண்டு. தன்னையே அடகு வைத்த தாளை வாசிக்க இயலாதவனாக அதற்குரியவன் வாழ்ந்தான்! ஒப்பந்தம் மீறிய தொழிலாளியைச் சிறையிடும் சட்டத்தை எதிர்த்து அருணாசலம் அவர்கள் இடையறாது போராடினார்; துண்டு முறையும் அத்தண்டனைகளும் 1920களின் தொடக்கத்தில் ஒழிந்தன.

இராப் பாடசாலை ஏணியின் முதற்படியாயின், அதன் மேற்படியையும் அவர் மறந்தாரல்லர். 1906இலேயே இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கத்தை அமைத்து, சுதேச மொழிகளுக்கும் இடமளிக்கும் பல்கலைக்கழகம் வேண்டுமென வாதாடினார். பதினைந்து ஆண்டுகள் சென்றபின், 1921இல், இலண்டன் வெளிவாரிப் பட்டத்துக்கு மாணவரை ஆயத்தஞ்செய்யும் பல்கலைக்கழகக் கல்லூரி மட்டும் கிடைத்தது. முழுப் பல்கலைக்கழகம் 1942இல் வந்தபோது அவர் இல்லை. தமையனார் இராமநாதன் அவர்கள் யாழ்ப்பாணத்தில் கட்டிய கல்லூரிகள் கண்ணுக்குத் தெரிகின்றன. தம்பியார் சேரிகளில் ஏற்றிய விளக்குகளைக் காட்டக் கட்டடம் இல்லை. அதனாற்போலும் நாம் அவற்றை மறந்தோம்.

காங்கிரஸோடு 1921இல் மனம் முறிந்து விலகிய அவர், 1923இல் இலங்கைத் தமிழர் சங்கத்தைத் தோற்றுவித்தார். மறு ஆண்டு சனவரி 9ஆம் நாள், தல யாத்திரை சென்றிருந்த மதுரையில் உயிர் நீத்தார்.

நம் வன்னிக்கு அந்த ஏணி மிகத் தாமதமாகவே வந்தது. 1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாக வவுனியாவில் முளைத்தது, 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகி, 2021இல் வவுனியாப் பல்கலைக்கழகமாயிற்று. 2009இல் முடிந்த போரில் வகுப்பறையை விட்டு இடம்பெயர்ந்த பிள்ளைகள் இன்று குடும்பத் தலைவர்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் மோட்டார் வாகனமும் மின்சாரமும் உணவுத் தொழில்நுட்பமும் கற்பிக்கப்படுகின்றன. தேசிய தொழிற் தகைமை என்னும் ஏழுபடி முறையில், நான்காம் படிவரை சான்றிதழ். ஐந்தும் ஆறும் டிப்ளோமா. ஏழாம் படி பட்டம். கையிலே தொழிலுடன் முதற்படியில் நிற்பவனும் சட்டப்படி ஏழாம் படியை நோக்கலாம். ஆயினும் புதுக்குடியிருப்பிலோ மாங்குளத்திலோ நாட்கூலிக்குச் செல்லும் ஒருவன் பகல் வகுப்புக்கு வருவானாயின் அன்றைய கூலியை இழப்பான். 1915இல் கொழும்புச் சேரியில் எழுந்த வினா அவன் வாசலில் இன்றும் நிற்கின்றது.