மூன்றாவது துளையின் பின்னால் ஒரு பெண்

நம் வீட்டுச் சுவரிலுள்ள 13 அம்பியர் குதையில் மூன்று துளைகள் உள்ளன. கீழேயுள்ள இரண்டும் மின்னோட்டம் வந்து போகும் வழிகள். மேலேயுள்ளது புவிக்கம்பிக்கு உரியது. சும்மா இருப்பது போலத் தோன்றும் அந்த மூன்றாவது துளைதான் ஆபத்து நேரத்தில் நம்மைக் காக்கிறது. அதன் வரலாற்றைத் தேடிப் படித்தபோதுதான் கரோலைன் ஹாஸ்லெட் அம்மையாரை நான் அறிந்துகொண்டேன்.

இவர் 1895 ஆகஸ்ட் 17ஆம் திகதி இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியிலுள்ள வேர்த் என்ற ஊரில் பிறந்தார். தந்தை புகையிரத சமிக்ஞைப் பிரிவில் வேலை செய்தவர். பாடசாலைக் கல்விக்குப் பின் இலண்டனில் செயலாளர் பயிற்சி பெற்ற கரோலைன், கொக்ரன் என்னும் கொதிகலன் நிறுவனத்தில் எழுதுவினைஞராகச் சேர்ந்தார். பெண்களுக்கு வாக்குரிமை கோரிய இயக்கத்திலும் இணைந்திருந்தார். முதலாம் உலகப் போர் வந்தது. ஆண்கள் போர்க்களம் சென்றதால் பெண்களுக்குப் புதிய வேலைகள் கிடைத்தன. கரோலைன் மேசை வேலையோடு நின்றுவிடவில்லை. தன்னைத் தொழிற்சாலைக்கு அனுப்புமாறு கேட்டு, ஸ்கொட்லாந்தின் அனான் நகரில் பயிற்சி பெற்றுப் பொறியியலாளரானார்.

போர் முடிந்ததும் ஆண்கள் திரும்பி வந்தார்கள். தொழிற்சாலைப் பெண்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அந்த நிலையில் 1919இல் பெண்கள் பொறியியல் சங்கம் உருவானது. அதன் முதற் செயலாளராகவும் அதன் சஞ்சிகையின் முதல் ஆசிரியராகவும் பொறுப்பேற்றவர் கரோலைனே.

அக்காலத்தில் பெரும்பாலான வீடுகளில் மின்சாரம் இல்லை. நிலக்கரி அடுப்பிலும் சலவைத் தொட்டியிலும் பெண்களின் நாட்கள் கரைந்தன. அந்தச் சுமையை மின்சாரம் குறைக்கும் என்று அவர் உறுதியாக நம்பினார். ஆனால் தெரியாத பொருளைப் பயமின்றிப் பயன்படுத்த முடியாதல்லவா? எனவே 1924இல் தோன்றிய பெண்களுக்கான மின்சாரச் சங்கத்தின் பணிப்பாளராகி, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் உழைத்தார். மின்சாரம் பற்றி இல்லத்தரசிகளுக்கு விளக்கும் கைநூலொன்று 1934இல் அவருடைய பெயரில் வெளியானது. அடுத்த ஆண்டு பிரிஸ்டல் நகரில் முற்றிலும் மின்சாரத்தால் இயங்கும் மாதிரி வீடொன்றைச் சங்கம் கட்டிக் காட்டியது.

1942இல், இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, போருக்குப் பின் கட்டப்படும் வீடுகளின் மின்னிணைப்பு எப்படி அமைய வேண்டும் என்று ஆராய 20 பேர் கொண்ட குழு அமைக்கப்பட்டது. அதில் ஒரே பெண் கரோலைன். குழுவின் அறிக்கை 1944இல் வெளியானது. அதன் வழியில் வந்த பிரித்தானிய நியமம் 1363, 1947இல் சதுர முனைச் செருகியைத் தந்தது. இது அவருடைய தனிக் கண்டுபிடிப்பு அல்ல, குழுவின் உழைப்பு. ஆயினும் வீட்டையும் குழந்தைகளையும் நன்கறிந்த ஒரு குரல் அந்த மேசையில் இருந்தது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அந்தச் செருகியின் அமைப்பைப் பாருங்கள். புவி முனை மற்ற இரண்டையும் விட நீளமானது. அதுவே முதலில் உள்ளே சென்று, உயிர்க்கம்பித் துளையை மறைக்கும் சிறு மூடியைத் திறக்கிறது. தவழும் குழந்தை ஊசியைக் கொண்டுபோய் அத்துளையில் குத்தினாலும் மூடி தடுத்துவிடும். மின்னழுத்தியின் உள்ளே உயிர்க்கம்பி பழுதடைந்து உலோக உடலைத் தொட்டால், தடை குறைந்த புவிக்கம்பி வழியே பெரும் மின்னோட்டம் பாயும். செருகியிலுள்ள உருகி உருகிச் சுற்று அறுந்துவிடும். புவிக்கம்பி இல்லையென்றால், தொட்டவரின் உடலே மின்னோட்டத்துக்கு வழியாகிவிடும்.

உயிர்க்கம்பியை நேரே தொட்டுவிட்டவரை உருகி காப்பாற்றாது. உடலில் பாயும் சிறு மின்னோட்டம் அதை உருக்கப் போதாது. அதற்காகப் பிற்காலத்தில் வந்ததுதான் நாம் ட்ரிப் சுவிட்ச் என்று சொல்லும் சாதனம். போகும் மின்னோட்டத்துக்கும் திரும்பும் மின்னோட்டத்துக்கும் 30 மில்லி அம்பியர் வித்தியாசம் வந்தாலே அது சுற்றைத் துண்டித்துவிடும்.

1947இல் கரோலைனுக்கு டேம் பட்டம் கிடைத்தது. அரசுடைமையான மின்சாரத் துறையின் அதிகாரசபையிலும் அவர் உறுப்பினரானார். 1957 ஜனவரி 4ஆம் திகதி காலமானார். மின்சாரத்தின் மூலமே தன் உடலைத் தகனம் செய்யும்படி இறுதி விருப்பமாக எழுதி வைத்திருந்தார்.

இரண்டு முனைச் செருகியை நுழைப்பதற்காக மூன்றாவது துளையில் பேனாவைக் குத்தி மூடியைத் திறப்பதை நான் எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். குழந்தைகளுக்காக அடைத்து வைத்த கதவை நாமே திறந்து விடுகிறோம். மின்சாரம் ஆண்களின் விடயம் என்று ஒதுங்கும் சகோதரிகளுக்கு ஒன்று சொல்வேன்: நாளெல்லாம் கேத்தலையும் மின்னழுத்தியையும் தொடுவது பெரும்பாலும் நம் கைகள்தான். அவற்றைப் பற்றி அறிவதும் நம் கடமையே. நம்முள் சிலர் பொறியியல் பீடம் வரை செல்ல அல்லாஹ் அருள் புரிவானாக.