தனியாகப் போன யுவான் சுவாங்



யுவான் சுவாங் யார் என்று கேட்டால் நாம எல்லாரும் டக்குனு சொல்லிடுவோம். ஹர்ஷர் காலத்தில் வந்த சீனப் பயணி, நாளந்தாவில் படித்தவர், காஞ்சிபுரத்துக்கும் வந்தவர். ரெண்டு மார்க். நானும் அப்படித்தான் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். நூலக பீரியடில் அவர் கதையை முழுசாகப் படித்த பிறகுதான் அவரை எனக்கு ரொம்பப் பிடித்துப் போச்சு. அதுக்கு ஒரு காரணம் இருக்கு, அப்புறம் சொல்றேன்.

அவர் 13 வயதிலேயே புத்த மடத்தில் சேர்ந்துவிட்டார். என்னைவிட ஒரு வயசு சின்னவர்! சீனாவில் இருந்த புத்த நூல்களில் ஒன்றுக்கொன்று ஒத்துப் போகாத விஷயங்கள் நிறைய இருந்தன. மூல நூல்களை இந்தியாவுக்கே போய்ப் படிக்கணும் என்று முடிவு செய்தார். ஆனால் அப்போது யாரும் நாட்டை விட்டு வெளியே போகக்கூடாது என்று அரசாங்கத் தடை இருந்தது. சேர்ந்து வருகிறோம் என்று சொன்னவர்கள் எல்லாரும் பின்வாங்கிட்டாங்க. 629-ஆம் ஆண்டு அவர் கிளம்பினார். பகலில் ஒளிந்துகொண்டு இரவில் நடந்தார்.

எல்லைப் பக்கம் வழிகாட்ட ஒரு ஆள் கிடைத்தான். ஒரு கிழவர், பாலைவனத்தில் பல தடவை போய் வந்த பழக்கம் உள்ள ஒரு வயசான சிவப்புக் குதிரையைக் கொடுத்தார். பார்த்தால் எலும்பும் தோலுமாக இருக்குமாம். முதல் ராத்திரியே அந்த வழிகாட்டி கத்தியை உருவிக்கொண்டு இவர் படுத்திருந்த இடத்துக்கு மெல்ல வந்தான். பக்கத்தில் வந்ததும் என்ன நினைத்தானோ, திரும்பிப் போய்விட்டான். விடிந்ததும் இவரைத் தொடர்ந்து போக விடாமல் தடுக்கப் பார்த்தான். கடைசியில் இவரே அவனை அனுப்பி வைத்துவிட்டார். இந்த இடத்தைப் படிக்கும்போது எனக்கு அப்பாடா என்று இருந்தது. அப்படிப்பட்ட துணைக்கு, துணை இல்லாமலே போகலாம்.

இனிமேல் அவரும் குதிரையும் மட்டும்தான். பாதை கிடையாது. எலும்புக் குவியலையும் குதிரைச் சாணத்தையும் பார்த்துத்தான் வழி கண்டுபிடித்தார். தூரத்தில் படை படையாக ஆட்கள் வருவது போலத் தெரியும், கிட்டே போனால் ஒன்றும் இருக்காது. கானல்தான். காவல் கோபுரத்துக்குக் கீழே தண்ணீர் பிடிக்கும்போது ஒரு அம்பு முழங்காலை ஒட்டிப் போனது. நல்லவேளை, அந்தக் கோபுரத்து அதிகாரி இரக்கப்பட்டு உதவி செய்து அனுப்பினார்.

அதுக்கப்புறம் வருவது 800 லி பாலைவனம். ஒரு லி என்பது ஏறக்குறைய அரை கிலோமீட்டர். அங்கே தண்ணீர்ப் பையைத் தூக்கிக் குடிக்கப் போனவர் கை தவறவிட்டார். மொத்தத் தண்ணியும் மணலில் கொட்டிப் போச்சு. திட்டுவதற்குக்கூடப் பக்கத்தில் ஆள் இல்லை. வழியும் தப்பிவிட்டது. வந்த பக்கமே திரும்பி 10 லி நடந்தார். அப்புறம் நின்றார். இந்தியா போகாமல் திரும்ப மாட்டேன் என்று தனக்குத் தானே சொன்னது ஞாபகம் வந்தது. யாரும் பார்க்கவில்லை, திரும்பிப் போயிருந்தால் யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள். ஆனாலும் மறுபடி மேற்கே திரும்பினார். பயம் வந்தபோதெல்லாம் தனக்குத் தெரிந்த சூத்திரத்தைச் சொல்லிக்கொண்டே போனார். ஒரு நோயாளிக்கு உதவி செய்தபோது அவர் கற்றுக்கொடுத்ததாம் அது. நாலு ராத்திரி, அஞ்சு பகல் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. மயங்கி விழுந்துவிட்டார். அஞ்சாம் நாள் ராத்திரி குளிர்ந்த காத்து அடிக்க, எழுந்து கிளம்பினார். கொஞ்ச தூரத்தில் அந்தக் கிழட்டுக் குதிரை, இழுத்தும் கேட்காமல் வேறு பக்கம் திரும்பி ஓடியது. போய்ப் பார்த்தால் புல்வெளி, பக்கத்திலேயே குளம்!

அடுத்து துர்ஃபான் ராஜா, இங்கேயே இரு, எல்லா வசதியும் செய்து தருகிறேன் என்று பிடித்து வைத்துக்கொண்டார். இவர் சாப்பிடாமல் உட்கார்ந்து விடுதலை வாங்கினார். அதற்காக மனுஷங்களே பிடிக்காதவர் இல்லை. நாளந்தாவில் சீலபத்திரரிடம் பாடம் கேட்டு வருஷக்கணக்கில் இருந்தார். காஞ்சிக்கு வந்தபோது நரசிம்மவர்மப் பல்லவர் காலம். 645-இல் 657 நூல்களோடு சீனா திரும்பினார். 664-இல் இறக்கும் வரை மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தார். பார்த்த ஊர்களின் சுற்றளவு, மண், விளைச்சல், வெயில், ஜனங்கள் எப்படி என்று எல்லாமே எழுதி வைத்தார்.

இப்போ என் காரணம். என்கூடப் பள்ளிக்கு நடந்து வந்த தோழி போன வருஷம் குடும்பத்தோடு திருப்பூர் போயிட்டா. எங்க ஊரிலிருந்து இங்கே வர இரண்டரை கிலோமீட்டர், பாதி தூரம் கருவேலங்காடு. ஒரு மாசம் அழுதுகிட்டே வந்தேன். பள்ளிக்கூடமே வேண்டாம்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன். இந்தக் கதை படிச்ச மறுநாள் ஒரு பழைய நோட்டு எடுத்துக்கிட்டேன். அவரை மாதிரி நானும் பார்க்கிறதை எழுத ஆரம்பிச்சேன். பேசிக்கிட்டே வந்தப்போ ஒண்ணுமே பார்த்ததில்லை போல. வழியில் பனை மரம் மொத்தம் 31. கண்மாய்க் கரை மடைகிட்ட தினமும் ஒரே மீன்கொத்தி உட்கார்ந்திருக்கும், எட்டே முக்காலுக்கு. இன்னைக்கு மட்டும் ரெண்டு இருந்துச்சு.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி