முகில் மலையின் முதற் கணக்கர்

மலைநாட்டு வரலாற்றை எழுதுவோர் 1867இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரை மறப்பதில்லை. அவருக்கு முன்னரே இம்மலைகளின் பிறிதொரு செல்வத்தைக் கணக்கெடுத்த மருத்துவர் ஒருவரை அன்பர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். எட்வர்ட் பிரெடரிக் கெலார்ட் என்பது அவர் பெயர்.

1819இல் இலங்கையிலே பிறந்த கெலார்ட், எடின்பரோ சென்று மருத்துவம் பயின்று படைமருத்துவர் ஆனார். ஜிப்ரால்டரிற் பணியாற்றியபோது கண்ட செடிகொடிகளைப் பற்றி 1846இல் ஒரு நூல் வெளியிட்டார். தாயகம் மீண்ட பின்னர் நுவரெலியா அவரை ஆட்கொண்டது. நோயாளியின் நாடியைப் பிடித்த அதே கை, ஓய்வு வேளையில் மூஞ்சூறையும் தவளையையும் பிடித்தது.

ஈரநிலத்திற் புழு தேடித் திரியும் நீள்நக மூஞ்சூறையும், குளிருக்கேற்ற அடர்ந்த உரோமம் போர்த்த மலைமந்தியையும் 1850இல் அவர் உலகுக்கு விவரித்தார். மரப்பட்டை போன்ற முட்தோலுடைய சிறு தவளையொன்றுக்கு 1854இற் பெயரிட்டார். இடையே, 1852இல், இலங்கையின் விலங்குகளைத் தொகுத்துரைக்கும் அவரது பெருநூல் வெளிவந்தது. பிற்காலத்தில் அரசு அவரை முத்துச்சிப்பியின் வாழ்வை ஆராயப் பணித்தது. மலையை ஆராய்ந்தவர் கடலையும் ஆராய்ந்தார். 1860இல், இங்கிலாந்து செல்லும் வழியில், நாற்பதே வயதிற் கப்பலில் உயிர் துறந்தார்.

அவர் விட்டுச் சென்ற பட்டியலை இன்று படிக்கையில் என் நெஞ்சம் கலங்குகிறது. துருவத்துப் பனிக்கரடிக்கு உருகும் கடற்பனி எத்தகைய இழப்போ, இம்மலையுயிர்களுக்கு விலகும் குளிரும் முகிலும் அத்தகைய இழப்பாகும். வெப்பம் ஒரு பாகை கூடினால், அதே குளிரை நாடும் உயிர் ஏறத்தாழ 150 மீற்றர் மேலே ஏறவேண்டும். நுவரெலியாவின் உயரம் 1,868 மீற்றர். இலங்கையின் மிகவுயர்ந்த சிகரமான பீதுருதாலகாலையோ 2,524 மீற்றர். நான்கு பாகை கூடுமாயின் நுவரெலியாவின் குளிர் அச்சிகரத்தை அண்மிவிடும். அதற்கு மேல் ஏற மலை ஏது?

கெலார்ட் பெயரிட்ட அத்தவளையின் இனத்தில் முட்டையினின்று தலைப்பிரட்டை வெளிவருவதில்லை. குட்டித் தவளையே வெளிவரும். குளம் வேண்டாத அம்முட்டைக்கு மண்ணின் ஈரமே உயிர். வறட்சி நீண்டால் முட்டை உலர்ந்துவிடும். இவ்வினத்துள் பதினைந்துக்கும் மேற்பட்டவை முன்னரே அற்றுப்போயின. காட்டை அழித்தமையே அதற்குப் பெருங்காரணம் என்பர். முதலிற் கோப்பியும் பின்னர்த் தேயிலையும் மலைக்காட்டைத் துண்டு துண்டாக்கின. மேலே ஏறவேண்டிய உயிருக்குப் படிகளே இல்லாது போயின.

ஹோட்டன் சமவெளி 1988இல் தேசியப் பூங்காவாயிற்று; மத்திய மலைநாடு 2010இல் உலக மரபுரிமையாயிற்று. இவை நன்று. ஆயினும் ஹட்டன், நுவரெலியாத் தோட்டங்களின் ஓடைக்கரைகளில் எஞ்சிய சிறுகாடுகளே உச்சிக்குச் செல்லும் படிகள். அவற்றைக் காப்பது தோட்டத்துக்கும் நலமே. ஓடை வற்றினால் தேயிலையும் வாடும். ஆசிரியர்கள் மாணவர்களை அக்கரைகளுக்கு அழைத்துச் சென்று, கெலார்டின் பட்டியலில் இன்றும் எஞ்சியிருப்பவை எவையெனக் கணக்கெடுப்பார்களாக.